நகத்தைப் பார்க்கும் நடுவர், பல்லைப் பார்ப்பாரா? கபடி களத்துக்கு மவுத்கார்டு ஏன் கட்டாயமாக வேண்டும்

கபடிப் போட்டி தொடங்கும் முன் வீரர்களின் கை நகங்களைப் பார்ப்பது நடுவரின் வேலை. நகம் நீண்டிருந்தால் வெட்டிவிட்டுத்தான் களம் இறங்க வேண்டும். மோதிரம், செயின், காப்பு எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். உடம்பில் எண்ணெய் தடவியிருக்கக் கூடாது. எதிராளிக்கு ஒரு கீறல்கூட விழக் கூடாது என்பதற்காக விளையாட்டு விதியிலேயே இவ்வளவு கவனம் இருக்கிறது. ஆனால், "பல்லுக்கு என்னப்பா போட்டிருக்கே?" என்று கேட்கும் நடுவரை சேலம், நாமக்கல் பக்கத்துக் கிராமத்துப் போட்டிகளில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

பொங்கல் வந்துவிட்டால் போதும். ஆத்தூர், ஓமலூர், எடப்பாடி, ராசிபுரம், சேந்தமங்கலம், பரமத்தி வேலூர் என்று ஊருக்கு ஊர் மின்னொளி கபடிப் போட்டிக்கு ஃபிளெக்ஸ் ஏறிவிடும். பிறகு கோயில் திருவிழாக்கள், நினைவுக் கோப்பைகள். களத்தில் யாருக்காவது முன்பல் உடைந்தால் ரத்தத்தைத் துப்பிவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடி ஆடப் போவார். கூட்டம் கைதட்டும். மைக்கில் பெயரைச் சொல்லிப் பாராட்டுவார்கள். பல் எங்கே விழுந்தது என்று யாரும் தேட மாட்டார்கள்.

பல் போனதைத் தலைவிதி என்று எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் அது ஆட்ட விதி இல்லாததன் விளைவு. பல் உடையாமல் தடுக்க வாய்க்குள் போடும் ஒரு கவசம் இருக்கிறது. விழுந்த பல்லைக் காப்பாற்ற சில நிமிட அவகாசமும் இருக்கிறது. இந்த இரண்டையும் வீரரின் இஷ்டத்துக்கு விட்டுவிடாமல், போட்டி நடத்துபவர்களின் கடமையாக மாற்ற வேண்டும்.

முன்பல்தான் ஏன் முதலில் போகிறது?

முகத்தில் அடி விழும்போது உதட்டுக்கு அடுத்து இருப்பது மேல் வரிசையின் நடுப்பற்கள் இரண்டும்தான். விளையாட்டில் அதிகம் அடிபடுபவையும் அவைதான். எத்துப்பல் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். உதடு முழுசாக மூடாததால் அடியைத் தாங்க அந்தச் சின்ன மெத்தைகூட அவர்களுக்கு இருக்காது.

கபடியில் பிடி போடும் முறையைக் கவனித்தால் விஷயம் புரியும். ஆங்கிள் ஹோல்டு போடும் கார்னர் வீரர் குனிந்து, ரெய்டரின் கணுக்கால் மீது பாய்கிறார். அந்த நொடியில் அவருடைய முகம் ரெய்டரின் முழங்காலுக்கும் குதிகாலுக்கும் நேராக இருக்கிறது. ரெய்டர் காலை உதறினால் அடி தாடையில்தான் விழும். செயின் பிடிக்கும் இருவர் ஒரே நேரத்தில் ஒரே ஆளை நோக்கிப் பாய்ந்தால் தலையும் தலையும் மோதும். ரெய்டர் மட்டும் தப்புவாரா? நாலைந்து பேர் மேலே விழ, கைகள் மாட்டிக்கொண்ட நிலையில் அவர் முகம் தரையில் மோதுகிறது. மேட்டில் மோதினாலும் வலிதான். காய்ந்த செம்மண் தரையில் மோதினால் கேட்கவே வேண்டாம்.

கபடி மட்டுமல்ல. ஹாக்கியில் மட்டையும் பந்தும், சிலம்பத்தில் கம்பும், கூடைப்பந்தில் எதிராளியின் முழங்கையும் இதே வேலையைச் செய்யும். கிரிக்கெட்டில் பேட்ஸ்மேனுக்கு ஹெல்மெட் வந்துவிட்டது. ஆனால் எகிறும் பந்தை நிறுத்தப் பாயும் ஃபீல்டருக்கும், ஸ்டம்ப்பை ஒட்டி ஹெல்மெட் இல்லாமல் நிற்கும் உள்ளூர் கீப்பருக்கும் முகத்தில் எந்தத் தடுப்பும் இல்லை. சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பந்தில் தொடங்கி 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட் ஆடினார். வாழப்பாடி அருகே உள்ள மைதானத்தில் டிஎன்பிஎல் ஆட்டங்கள் நடந்தன. இதையெல்லாம் பார்த்து இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் தோல் பந்துக்கு மாறுகிறார்கள். பந்தின் எடை கூடினால் வாய்க்கான ஆபத்தும் கூடும்.

விளையாட்டு, விபத்து, கீழே விழுதல் எல்லாம் சேர்த்து, பல்லில் அடிபட்ட அனுபவம் உள்ளவர்கள் உலகில் 100 கோடிக்கும் அதிகம் என்று 2018-ல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. இது ஏதோ அபூர்வமாக நடக்கும் விஷயம் அல்ல.

கைதட்டல் யாருக்கு?

2002 மே மாதம் ஆன்டிகுவா டெஸ்ட்டில் மெர்வின் டில்லன் வீசிய பந்து அனில் கும்ப்ளேயின் தாடையை உடைத்தது. முகத்தைச் சுற்றிக் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து 14 ஓவர் வீசி, பிரையன் லாராவின் விக்கெட்டையும் எடுத்தார். அந்தப் படம் இன்றும் ரீல்ஸாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் பிறகு அவர் அறுவை சிகிச்சைக்காக ஊர் திரும்பினார் என்பது எந்த ரீல்ஸிலும் வராது.

2022 டிசம்பரில் லங்கா பிரீமியர் லீக்கில் கண்டி அணிக்காக ஆடிய சாமிக கருணாரத்ன, உயரமாக வந்த பந்தைப் பிடிக்கப் பின்னால் ஓடினார். பந்து நேராக வாயில் விழுந்தது. கேட்சை விடவில்லை. ஆனால் நான்கு பற்கள் போயின. வாயைப் பொத்திக்கொண்டு அவர் நின்ற காட்சி உலகம் முழுக்க வைரலானது. "நாலு பல்லு போச்சு, கேட்ச் போகல" என்கிற மாதிரியான பதிவுகள்தான் அதிகம்.

இருவரின் துணிச்சலையும் யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் அவர்களுக்குப் பின்னால் அணி மருத்துவர், வாரியம், மருத்துவமனை, பணம் எல்லாம் இருந்தன. தாரமங்கலத்திலோ திருச்செங்கோட்டிலோ ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஆடும் பிளஸ் டூ மாணவருக்குப் பின்னால் இருப்பது ஒரு பைக்கும், பதறும் நண்பர்களும்தான். துணிச்சலை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொண்டு, பாதுகாப்பை விட்டுவிட்டோம்.

கபடியில் பாதுகாப்பு என்ற பேச்சு எப்போதாவதுதான் எழுகிறது. 2022 ஜூலையில் பண்ருட்டி அருகே ஆட்டத்தின் நடுவிலேயே ஓர் இளைஞர் உயிரிழந்த வீடியோ பரவியபோது எழுந்தது. சில நாளில் அடங்கியது. உயிர் போனாலே இவ்வளவுதான் என்றால், பல் போனது எங்கே செய்தியாகும்?

ஒரு பல்லின் விலை என்ன?

"ஒரு பல்லுதானே, கட்டிக்கலாம்" என்பது நம் ஊர் சமாதானம். இந்தக் கணக்கு பதின்ம வயதில் சரிவராது.

13 வயதில் முன்பல் போனால் உடனே இம்ப்ளான்ட் வைக்க முடியாது. தாடை வளர்ந்து முடிய வேண்டும். பொதுவாக 18 வயதுக்குப் பிறகுதான், சிலருக்கு அதற்கும் மேல் காத்திருக்க வேண்டும். வளர்கிற தாடையில் அவசரப்பட்டு வைத்தால், பக்கத்துப் பற்கள் இறங்கி வர, இம்ப்ளான்ட் மட்டும் உள்ளே அமுங்கிப்போன மாதிரி நின்றுவிடும். அதுவரை கழற்றி மாட்டும் தற்காலிகப் பல்தான். பள்ளி, கல்லூரி, முதல் நேர்காணல், ஃபோட்டோவில் வாயை மூடிக்கொண்டு சிரிப்பது எல்லாம் அந்த ஆண்டுகளுக்குள் வந்துபோகும்.

இடையில் இன்னொன்றும் நடக்கும். பல் இல்லாத இடத்தில் தாடை எலும்பு மெல்ல மெல்லத் தேயும். பிறகு இம்ப்ளான்ட் வைக்க அங்கே எலும்பு போதாமல், கூடுதலாக எலும்பு வைத்து நிரப்பும் சிகிச்சை தேவைப்படலாம். ஒரு பல்லுக்கு ஆகும் செலவு பல ஆயிரங்களில் நிற்கும். விசைத்தறியிலோ லாரி பட்டறையிலோ வேலை பார்க்கும் குடும்பத்துக்கு இது சின்னத் தொகை இல்லை.

வேலைக் கணக்கும் இருக்கிறது. இந்தப் பக்கத்துக் கபடிப் பிள்ளைகள் பலருக்கு ஆட்டம் வெறும் பொழுதுபோக்கு அல்ல. தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. காவல்துறை, ரயில்வே, ராணுவம் என்று அதை நம்பித்தான் விடியற்காலையில் ஓடுகிறார்கள். ராணுவ ஆட்சேர்ப்பின் மருத்துவப் பரிசோதனையில் பற்களுக்கே தனியாகப் புள்ளி உண்டு. குறைந்தது 14 புள்ளி வேண்டும். ஒரு பல் போனதால் மட்டும் வாய்ப்பு போய்விடாது. ஆனால் பல்லையும் தகுதியாக எண்ணுகிற வேலைக்குத் தயாராகிறவர், பல்லைப் பற்றிக் கவலைப்படாமல் ஆடுவது முரண்தான்.

மவுத்கார்டு என்றால் என்ன?

மேல் வரிசைப் பற்களை மூடியபடி மாட்டும் மெத்தென்ற கவசம்தான் மவுத்கார்டு. குத்துச்சண்டைக்காரர்கள் 'கம்ஷீல்டு' என்பார்கள். 1890-ல் வூல்ஃப் கிராஸ் என்ற லண்டன் பல் மருத்துவர் குத்துச்சண்டை வீரர்களுக்காக ரப்பர் போன்ற மரப்பாலில் செய்த தகடுதான் இதற்கு முன்னோடி. இன்று பெரும்பாலும் எத்திலீன் வினைல் அசிடேட் என்ற பொருளில் செய்கிறார்கள். அடியின் வேகத்தை ஒரே பல் வாங்காமல் பல பற்களுக்குப் பரப்பிவிடும். கீழ்ப் பல்லும் மேல் பல்லும் முட்டி உடைவதைத் தடுக்கும். பல் குத்தி உதடும் கன்னமும் கிழிவதைக் குறைக்கும்.

இதில் மூன்று வகை உண்டு.

ரெடிமேடு: கடையில் வாங்கி அப்படியே மாட்டுவது. விலை குறைவு. வாயில் சரியாக உட்காராது. கடித்துப் பிடித்தால்தான் நிற்கும் என்பதால் பேச்சும் மூச்சும் சிரமம். பாதுகாப்பும் இருப்பதிலேயே குறைவு.

வெந்நீரில் போட்டுக் கடிப்பது: வெந்நீரில் இளக்கி, வாயில் வைத்துக் கடித்தால் பல்லின் வடிவத்தை எடுத்துக்கொள்ளும். சில நூறு ரூபாயில் விளையாட்டுச் சாமான் கடையிலும் ஆன்லைனிலும் கிடைக்கும். பாக்கெட்டில் உள்ள செய்முறையை அப்படியே பின்பற்ற வேண்டும். ரொம்ப அழுத்திக் கடித்துவிட்டால் முன்பக்கம் மெலிந்து, போட்டும் பயனில்லாமல் போகும்.

அளவெடுத்துச் செய்வது: பல் மருத்துவர் அச்செடுத்து அந்த வாய்க்கென்றே செய்து தருவது. கச்சிதமாக உட்காரும், வாய் திறந்தாலும் விழாது, பேசவும் வரும். மூன்றில் சிறந்தது இதுதான். விலையும் இதற்குத்தான் அதிகம்.

பல்லில் கம்பி போட்டிருப்பவர்கள் கடையில் வாங்காமல் பல் மருத்துவரிடம் கேட்டுத்தான் போட வேண்டும். வளரும் பிள்ளைகளுக்குப் பல் வரிசை மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் அவ்வப்போது புதிது வேண்டும். ஆட்டம் முடிந்ததும் பச்சைத் தண்ணீரில் கழுவி, காற்றோட்டமுள்ள டப்பாவில் வைக்க வேண்டும். சேலத்து வெயிலில் பைக் டேங்க் கவரில் விட்டுவிட்டுப் போனால் சாயங்காலம் வடிவமே மாறியிருக்கும். ஒருவர் போட்டதை இன்னொருவர் போடக் கூடாது என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் ஏழு பேருக்கு நாலு மவுத்கார்டு இருக்கிற அணிகளுக்கு அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. மவுத்கார்டு பல்லுக்கான காப்பு. தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி ஏற்படுவதை இது தடுத்துவிடும் என்று நம்பி ஆடக் கூடாது.

கட்டாயமாக்கினால்தான் நடக்குமா?

நடக்கும் என்பதற்கு நியூசிலாந்து சாட்சி. ரக்பி அந்த ஊரின் உயிர். கபடியைப் போலவே உடம்போடு உடம்பு மோதும் ஆட்டம். அங்கே 1997-ல் 19 வயதுக்குட்பட்ட பிரிவுகளிலும், 1998-ல் எல்லாப் பிரிவுகளிலும் மவுத்கார்டு கட்டாயமானது. 1995-க்கும் 2003-க்கும் இடையே ரக்பியில் பல் காயத்துக்கான இழப்பீட்டுக் கோரிக்கைகளின் விகிதம் 43 சதவீதம் குறைந்தது என்று 2005-ல் வெளியான ஆய்வு சொன்னது.

அங்கே இதை அளக்க முடிந்ததற்கும் காரணம் உண்டு. விபத்துக் காயங்களுக்கு இழப்பீடு தரும் அரசு அமைப்பு ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பல்லுக்கும் அது பணம் கொடுப்பதால் ஒவ்வொரு பல்லும் கணக்கில் வருகிறது. நம் ஊர் களத்தில் விழும் பல் எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. கணக்கில் ஏறாத இழப்புக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

குத்துச்சண்டையிலும் டேக்வாண்டோவிலும் மவுத்கார்டு இல்லாமல் போட்டிக்குள் நுழையவே முடியாது. சர்வதேச ஹாக்கி விதிகள் அதை அணியும்படி பரிந்துரைக்கின்றன. பரிந்துரைக்கும் கட்டாயத்துக்கும் உள்ள வித்தியாசம் ஹெல்மெட் விஷயத்தில் நமக்கே தெரியும். 'தலைக்கவசம் உயிர்க்கவசம்' என்று போர்டு வைத்தால் படித்துவிட்டுப் போவோம். முன்னால் போலீஸ் நின்றால்தான் பெட்ரோல் டேங்க் மேல் இருப்பது தலைக்கு ஏறும்.

"அதைப் போட்டா கபடி பாட முடியாதே?"

வீரர்களிடமிருந்து வரக்கூடிய ஆட்சேபங்களில் இதுதான் நியாயமானது. ரெய்டுக்குப் போகிறவர் 'கபடி கபடி' என்று நடுவருக்குக் கேட்கும்படி பாட வேண்டும். பாட்டு விட்டால் ஆட்டம் போச்சு. குத்துச்சண்டைக்காரருக்கு இந்தக் கவலை கிடையாது. எனவே அங்கே நடந்ததை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது என்பது உண்மை.

ஆனால் பாட வேண்டியவர் ஒருவர்தான். எதிரே நிற்கும் ஏழு பேர் பாட வேண்டியதில்லை. அவர்களில் கார்னர், கவர் வீரர்கள் பெரும்பாலும் பிடிக்கென்றே இருப்பவர்கள், ரெய்டுக்குப் போவது அரிது. முழங்காலுக்கும் குதிகாலுக்கும் நேராக முகத்தைக் கொடுப்பவர்களும் அவர்கள்தான். முதல் கட்டமாக அவர்களுக்குக் கட்டாயமாக்குவதில் பாட்டு ஒரு தடையே இல்லை. ரெய்டர்களுக்கு, பேச வசதியாக அளவெடுத்துச் செய்த மவுத்கார்டைப் பயிற்சியிலேயே போட்டுப் பழக்கலாம். முதல் சில நாள் நாக்கு தடுமாறும். பிறகு பழகிவிடும்.

"பணம் யார் கொடுக்கிறது?" என்பது அடுத்த கேள்வி. சுழற்கோப்பை, பரிசுத் தொகை, மைக் செட், லைட், ஃபிளெக்ஸ், சிறப்பு விருந்தினருக்குச் சால்வை என்று கமிட்டி செய்யும் செலவுப் பட்டியலைப் பார்த்தால், ஒரு அணிக்கு வெந்நீர் மவுத்கார்டு வாங்குவது அதில் ஒரு ஓரம்தான். ஸ்பான்சர் பெயரை ஜெர்சியில் போடுகிற மாதிரி மவுத்கார்டு டப்பாவிலும் போடலாமே.

மூன்றாவது ஆட்சேபம் சொல்லாமல் சொல்வது. "இதெல்லாம் போட்டா பயந்தவன்னு நினைப்பாங்க." இதற்குப் பதில் வாதத்தால் வராது. எல்லோருக்கும் கட்டாயம் என்றால், போட்டவர் தனித்துத் தெரிய மாட்டார். கட்டாயம் தேவைப்படுவதே இதற்காகத்தான்.

பல் விழுந்துவிட்டால் என்ன செய்யணும்?

பால்பல் விழுந்தால் சாணத்தில் பொதிந்து கூரை மேல் எறிவது நம் வழக்கம். அந்தப் பழக்கத்திலேயே நிலைப்பல் விழுந்தாலும் தூர எறிந்துவிடுகிறோம். வேரோடு விழுந்த நிலைப்பல்லை மறுபடி அதே குழியில் பொருத்த முடியும். சில நிமிடங்களில் செய்தால் அது பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு.

வேரைச் சுற்றி ஒட்டியிருக்கும் மெல்லிய தசைநார்களில் உள்ள உயிரணுக்கள் சாகாமல் இருக்க வேண்டும் என்பதுதான் இதன் சூட்சுமம். விழுந்ததும், அல்லது சுமார் 15 நிமிடத்துக்குள் பொருத்தினால் அவை உயிரோடிருக்கும் வாய்ப்பு அதிகம். காய்ந்த நிலையில் ஒரு மணி நேரம் கடந்தால் அநேகமாக செத்துவிடும். சங்ககிரி பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ராத்திரி பத்து மணிக்குக் கிளம்பி, திறந்திருக்கும் பல் மருத்துவமனையைத் தேடிச் சேலமோ திருச்செங்கோடோ போய்ச் சேர 15 நிமிடம் போதாது. அதனால் பல்லின் கதி மருத்துவமனையில் அல்ல, களத்திலேயே முடிவாகிவிடுகிறது.

சர்வதேச பல் காய மருத்துவச் சங்கம் 2020-ல் புதுப்பித்த வழிகாட்டுதலின்படி செய்ய வேண்டியவை:

1. மயக்கம், வாந்தி, குழப்பமான பேச்சு, தாடை கோணுதல் இருந்தால் முதலில் 108. பல் அப்புறம்.

2. பல்லைத் தேடி எடுங்கள். வெள்ளையாகத் தெரியும் தலைப்பகுதியைப் பிடிக்க வேண்டும். வேரைத் தொடக் கூடாது. பல் கிடைக்கவே இல்லை என்றால் மருத்துவரிடம் அதைச் சொல்ல வேண்டும். மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கவும் வாய்ப்பு உண்டு.

3. மண் ஒட்டியிருந்தால் பாலிலோ, சலைனிலோ, அவருடைய எச்சிலிலோ லேசாக அலசுங்கள். துணியால் தேய்ப்பது, சோப்புப் போடுவது, நகத்தால் சுரண்டுவது எதுவும் வேண்டாம்.

4. அவர் நினைவோடு இருந்தால், பல்லைச் சரியான பக்கம் திருப்பி, அதே குழியில் மெல்லப் பொருத்துங்கள். சுத்தமான கைக்குட்டையைக் கடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு உடனே பல் மருத்துவரிடம் கிளம்புங்கள்.

5. பொருத்த பயமாக இருந்தால் பல்லைப் பாலில் போட்டு எடுத்துப் போங்கள். டீக்கடையில் கேட்டால் கொதிக்கும் பால்தான் முதலில் கைக்கு வரும். அது ஆகாது. காய்ச்சாத பாக்கெட் பாலைக் கேட்டு வாங்குங்கள். மோர், தயிரும் வேண்டாம்.

6. பால் கிடைக்காவிட்டால் ஒரு சின்ன டப்பாவில் அவரையே எச்சில் துப்பச் சொல்லி அதில் போடுங்கள். டிஷ்யூவில் சுற்றிச் சட்டைப் பையில் வைப்பதுதான் இருப்பதிலேயே மோசம்.

7. பால்பல் விழுந்தால் திரும்பப் பொருத்தக் கூடாது. உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும் நிலைப்பல்லுக்கு அது கெடுதல். ஆனாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பால் இல்லாத நேரத்துக்கு இந்தப் பக்கத்தில் வேறு இரண்டு பொருளும் உண்டு. அமெரிக்க இதயச் சங்கமும் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கமும் 2015-ல் வெளியிட்ட முதலுதவி வழிகாட்டுதலில், விழுந்த பல்லை வைத்திருக்க உதவும் திரவங்களில் முட்டையின் வெள்ளைக்கருவும் இளநீரும் இடம்பெற்றன. இளநீர் பற்றி 2008-ல் ஆய்வக ஆய்வு வெளியிட்டவர்களில் சென்னை பல் மருத்துவ ஆய்வாளர்களும் உண்டு. எளிதாகக் கிடைப்பதிலும் நம்பகத்திலும் பால்தான் முதல் தேர்வு. ஆனால் முட்டைக்குப் பெயர்போன நாமக்கல்லிலும், தென்னை நிற்கும் காவிரிக் கரையிலும் ஒரு பல் காய்ந்து சாக வேண்டிய அவசியமே இல்லை.

மருத்துவரிடம் போன பிறகு பல்லைப் பக்கத்துப் பற்களோடு சேர்த்து மெல்லிய கம்பியால் இரண்டு வாரம் வரை கட்டி வைப்பார்கள். வேர் முழுசாக வளர்ந்த பல்லுக்கு அந்த இரண்டு வாரத்துக்குள் ரூட் கெனால் தொடங்குவார்கள். தடுப்பூசி நிலவரம் பார்த்து டெட்டனஸ் ஊசியும் தேவைப்படலாம். பொருத்திய பல் எல்லாமே வாழ்நாள் முழுக்க நிற்கும் என்று சொல்ல முடியாது. சில வருடங்களில் வேர் கரைந்து போகலாம். ஆனால் தாடை வளரும் வயதில் அந்த எலும்பைக் காத்துக்கொடுத்தாலே பெரிய உதவிதான்.

பல் முழுசாக விழாமல் துண்டு மட்டும் உடைந்தாலும் அந்தத் துண்டை எடுத்துப் போக வேண்டும். பல நேரம் அதையே ஒட்டிவிட முடியும். அடிபட்டு ஆடாமல் இருக்கிற பல்லையும் நம்பிவிடக் கூடாது. உள்ளே நரம்பு செத்து, சில மாதம் கழித்துப் பல் கறுக்கலாம். "வலிக்கல, விடு" என்பது பல் விஷயத்தில் ஆபத்தான வார்த்தை.

யார் என்ன செய்யலாம்?

*கபடிக் கமிட்டிகள்:* 'எடைப் பிரிவு இத்தனை கிலோ' என்று நோட்டீஸில் போடுகிற மாதிரி, 'மவுத்கார்டு இல்லாத கார்னர், கவர் வீரர்கள் களம் இறங்க முடியாது' என்று ஒரு வரி சேர்க்கலாம். முதலுதவிப் பெட்டிக்குப் பக்கத்தில் குளிர்ந்த பால் பாக்கெட்டும் மூடி போட்ட டப்பாவும் இருக்க வேண்டும். அன்று ராத்திரி வரத் தயாராக இருக்கும் ஒரு பல் மருத்துவரின் எண் மைக் செட்காரரிடம் இருக்க வேண்டும்.

*பள்ளிகள்:* விடுதிப் பள்ளிகளுக்குப் பெயர்போன மாவட்டம் நாமக்கல். பிள்ளைகளை நம்பி விட்டுவிட்டுப் போகும் பெற்றோருக்கு, மைதானத்தில் பல் விழுந்தால் என்ன செய்வார்கள் என்று கேட்க உரிமை உண்டு. உடற்கல்வி ஆசிரியருக்கு ஒரு மணி நேரப் பயிற்சி போதும்.

*பல் மருத்துவக் கல்லூரிகள்:* சேலத்தில் விநாயகா மிஷன்ஸ் சங்கராச்சாரியார் கல்லூரி, திருச்செங்கோட்டில் கே.எஸ்.ஆர்., எளையாம்பாளையத்தில் விவேகானந்தா மகளிர் கல்லூரி என்று இந்தச் சமவெளியிலேயே பல் மருத்துவம் சொல்லித்தரும் இடங்கள் இருக்கின்றன. கிராமங்களில் பல் பரிசோதனை முகாம் நடத்துவது போல, சீசனுக்கு முன் கபடி அணிகளுக்கு அச்செடுத்து மவுத்கார்டு செய்துதரும் முகாமும் நடத்தலாம். மாணவர்களுக்கும் அது பயிற்சி.

*அரசு:* 2024-ல் தொடங்கிய கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் திட்டத்தில் 12,000-க்கும் அதிகமான கிராம ஊராட்சிகளுக்கு உபகரணத் தொகுப்பு தரப்படுகிறது. மட்டையும் பந்தும் போகிற ஊருக்கு மவுத்கார்டும் போக வேண்டும். முதலமைச்சர் கோப்பை கபடியில் மவுத்கார்டு கட்டாயம் என்று ஒரு விதி வந்தால், அதற்குத் தயாராகும் ஒவ்வொரு பள்ளியும் ஒவ்வொரு கிராமத்து அணியும் தானாகவே பழகிக்கொள்ளும். பெரிய போட்டியில் இருப்பதைத்தான் ஊர்ப் போட்டி பின்பற்றும்.

வீரர்களைக் குறை சொல்லி இதில் ஒன்றும் ஆகாது. 17 வயதில் யாரும் தன் பல்லைப் பற்றி யோசித்துக்கொண்டு பாய மாட்டார்கள். அந்த வயதில் அப்படி யோசிக்காமல் இருப்பதுதான் நல்ல கார்னர் வீரரை உருவாக்குகிறது. அவர்களுக்காக யோசிக்க வேண்டியவர்கள் கோட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்கள். நகத்தைப் பார்க்க ஒரு நிமிடம் ஒதுக்குகிறவர்கள், பல்லுக்கும் ஒரு நிமிடம் ஒதுக்கட்டும். அடுத்த பொங்கல் கோப்பைக்கு நோட்டீஸ் அடிக்கும்போதே அந்த ஒரு வரியைச் சேர்த்துவிடலாம்.